ஸ்டம்பை ஆட்டுவது யார்?

கேள்வி: தி.நகர் சோமசுந்தரம் மைதானத்தில் மகன் கிரிக்கெட் ஆடுகிறான். படம்பிடிக்க, கையைக் கடிக்காத விலையில் எந்தக் கேமரா வாங்கலாம்?
– மயிலாப்பூர் வாசகர்

பதில்: பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் டிஜிட்டல் ஜூமைப் பார்த்து மயங்க வேண்டாம். அது படத்தை இழுத்துப் பெரிதாக்கும், அவ்வளவுதான். மகனின் முகம் கட்டம் கட்டமாகச் சிதறும். பார்க்க வேண்டியது ஆப்டிகல் ஜூம். 2015-இல் வந்த சோனி சி.எக்ஸ்.405 என்ற சின்ன ஹேண்டிகேமிலேயே அது 30 மடங்கு. எல்லைக்கோட்டிலிருந்தே பேட்டைப் பிடித்த விரல்கள் தெரியும்.

ரிச்சி தெருவில் பழையது கிடைத்தால், ஜூமை முழுக்க நீட்டி, ஃபோகஸ் நிற்கிறதா என்று கடை வாசலிலேயே சோதிக்க வேண்டும். பேட்டரியையும்தான்.

மிச்சப் பணத்தில் கனமான ட்ரைபாட். அது இல்லாமல் முழு ஜூமில் கை நடுங்கினால், பந்து வருமுன்பே ஸ்டம்ப் ஆடும்! மாலை ஆட்டமென்றால் மேற்குப் பக்கம் நின்று எடுங்கள். வெயில் லென்ஸில் அடிக்காது.