மலை ரெண்டு, சூரியன் ஒண்ணு

புதுக்கோட்டைப் பக்கம் ஏதாவதொரு தொடக்கப் பள்ளியில் ஒரு பிள்ளையிடம் "படம் வரை" என்று சொல்லிப் பாருங்கள். முக்கோணமாக ரெண்டு மலை, இடுக்கில் பாதிச் சூரியன், கீழே ஆறு, கரையில் குடிசை, ஒரு தென்னை. வெள்ளாற்றில் மணலையே விட்டுவைக்காத மாவட்டத்தில், ஆறு வற்றாமல் ஓடுவது இந்த நோட்டில் மட்டும்தான். டீச்சர் கரும்பலகையில் போட்டது அது. டீச்சருடைய டீச்சர் போட்டதும் அதுவே. மாற்றி வரைந்த பிள்ளைக்கு, "கோட்டுக்குள்ளே கலர் அடிக்கத் தெரியாதா?" என்று தலையில் ஒரு குட்டு.

இதே மண்ணில்தான் சித்தன்னவாசல் இருக்கிறது. 9ஆம் நூற்றாண்டில் அங்குள்ள அறிவர் கோயில் விதானத்தில் ஒரு குளம் வரைந்தார்கள்: தாமரை, மீன், எருமை, யானை, பூப்பறிக்கும் ஆட்கள். கோயிலைப் புதுப்பித்தவன் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்கிறது கல்வெட்டு. ஆசிரியன்!

அந்த ஆசிரியன் இன்று வேலை கேட்டு வந்தால்? ஒன்று முதல் ஐந்து வரை ஓவியத்துக்குப் பணியிடமே இல்லை, ஐயா, போய் வாருங்கள். ஆறு முதல் எட்டு வரை என்றால் பகுதிநேரம். வாரத்துக்கு மூன்று அரை நாள். 2012இல் தமிழக அரசு அப்படி 16,549 பேரை எடுத்தது. ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி எல்லாம் சேர்த்துத்தான். மாதம் 5,000 ரூபாய். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள், அதுவும் தெருவில் உட்கார்ந்து போராடிய பிறகு. பல ஆண்டுகள் மே மாதம் சம்பளமே கொடுக்கவில்லை. கோடை விடுமுறையில் கலைஞனுக்கு வயிறு இருக்காது என்பது கருவூலத்தின் கண்டுபிடிப்பு.

ஆனால் விழா உண்டு! 2022இல் தொடங்கிய கலைத் திருவிழாவில் 2024 முதல் சின்ன வகுப்புப் பிள்ளைகளும் போட்டியிடலாம். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. மார்க் போட நடுவர் உண்டு, சான்றிதழ் உண்டு, போட்டோ உண்டு. விதைக்காத வயலில் அறுவடைப் போட்டி நடத்தும் சாமர்த்தியம் எந்த நாட்டுக்கு வரும்?

கிரேயான் டப்பாவை பீரோவில் பூட்டி வைக்கிற தலைமையாசிரியரை மட்டும் திட்டி என்ன பயன்? ஈராசிரியர் பள்ளியில் அவருக்கே அஞ்சு வகுப்பு, ஆயிரம் பதிவேடு. கோபம் போக வேண்டிய இடம் டெல்லி. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் புரட்டுங்கள். ஆறு முதல் எட்டு வரை, அதுவும் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால், கலைக்குப் பகுதிநேர ஆள். ஒன்று முதல் ஐந்து வரை ஆசிரியர்களை வரிசையாக எண்ணியிருக்கிறார்கள். அந்த வரிசையில் கலை என்ற சொல்லே கிடையாது.