ஸ்டிக்கர் பேசும், கிராங்க் சாட்சி சொல்லும்

கேள்வி: பழைய ஸ்பெஷலைஸ்டு ஸ்டம்ப்ஜம்பர் மவுன்டன் பைக்கை ‘1981 மாடல், முதல் வருஷத்து வண்டி’ என்கிறார்களே, நம்பலாமா?

பதில்: ஸ்டம்ப்ஜம்பர் 1981-இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது உண்மை. ஆனால் அந்தப் பெயரில் இன்றும் வண்டி விற்கிறது; ஸ்டிக்கரை யாரும் ஒட்டலாம். பெடலைத் தாங்கும் கிராங்க் கையின் உட்புறத்து அழுக்கைத் துடைத்துப் பாருங்கள். அந்தக் காலத்து ஷிமானோ கம்பெனி பாகம் என்றால் இரண்டு ஆங்கில எழுத்துகள் பொறித்திருக்கும். முதலாவது ஆண்டு (1976-க்கு ‘ஏ’), அடுத்தது மாதம். ‘எல் சி’ என்றால் 1987 மார்ச். பாகம் வண்டிக்கு முன்னால் பிறப்பது வழக்கம். 1987 கோடையில் செய்த கிராங்க் 1988 மாடலில் இருப்பது சகஜம்.

“பாகத்தை நடுவில் மாற்றியிருக்கலாமே?” என்பீர்கள். நியாயம்தான், ஒற்றைச் சாட்சியை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் கிராங்க், ஹப், கியர் மாற்றும் டீரெய்லர் மூன்றும் சில மாத இடைவெளிக்குள் ஒத்துப்போனால், மூன்றும் கூட்டுச் சேர்ந்து பொய் சொல்லாது. கடைசியில் ஃப்ரேமையே விசாரியுங்கள், அதை எளிதில் மாற்ற முடியாது. பின்பிரேக் மாட்டும் குமிழ்கள் பெடல் அச்சுக்குப் பின்னால், கீழ்க்குழாய்களின் அடிவயிற்றில் இருந்தால் அது 1980களின் பிற்பாதி மோஸ்தர். மாடல் பெயரை அந்தந்த ஆண்டின் கம்பெனி கேட்டலாக்கோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அதுவரை 1981-க்கான விலையைக் கொடுத்துவிடாதீர்கள்.