உப்பு முத்தம்

குழந்தையை முத்தமிட்டால் உப்புக் கரிக்கிறதே, நோயா?
– ஒரு வாசகி, அண்ணாமலை நகர்

அக்னி நட்சத்திரத்தில் அந்த ஊரில் யாரை முத்தமிட்டாலும் உப்புதான்! ஆனால் விடாத சளி, ஏறாத எடை, எண்ணெய்ப் பிசுக்கான மலம் எல்லாம் சேர்ந்தால் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸா என்று பார்த்துவிட வேண்டும். வேலூர் சி.எம்.சி.யில் வியர்வைப் பரிசோதனை உண்டு. குளோரைடு லிட்டருக்கு 60 மில்லிமோலைத் தொட்டால் சந்தேகம் வலுக்கும்.

வியர்வையில் உப்பு வழிய, நுரையீரலில் மட்டும் ஏன் பஞ்சம்?
– ஒரு வாசகர், சிதம்பரம்

கதவு ஒன்றேதான், திறக்கும் திசைதான் வேறு. சி.எஃப்.டி.ஆர். என்ற அந்தப் புரதம் வியர்வைக் குழாயில் குளோரைடை உடலுக்கே திருப்பும். மூச்சுக்குழாயிலோ வெளியே விடும், பின்னாலேயே தண்ணீரும் வரும். மரபணுப் பிழையால் அது பழுதானால் தோலில் உப்பு, நெஞ்சில் பசையாய்ச் சளி.

குளோரைடு அடைபடுவதை 1983இல் வியர்வைக் குழாயில் காட்டிய ஆய்வாளர் பால் குவின்டனுக்கும் அதே நோய்தான்!

மருந்து?
– இன்னொருவர், கடலூர்

2012இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஐவகாஃப்டர், கதவைத் திறந்து வைக்கிறது. 2019இல் வந்த மும்மருந்துக் கூட்டு, செல்லுக்குள்ளேயே மாட்டிக்கொண்ட கதவையும் இழுத்துவந்து நிலையில் பொருத்துகிறது. அதன் விலை அங்கே ஆண்டுக்கு 3 லட்சம் டாலருக்கு மேல். கேட்டால் நல்ல நுரையீரல்காரருக்கே மூச்சு முட்டும்.

எல்லா மரபணுப் பிழைக்கும் இந்த மருந்துகள் பலிக்காது. எந்தப் பிழை என்று முதலில் பார்த்தாக வேண்டும்.