தேய்மானம்

(பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு லேத் பட்டறை. மாமா ஐடிஐ, ஜாப் ஒர்க் எடுத்து ஓட்டுபவர். அக்கா மகள் இயற்பியலில் பிஎச்.டி. அவளிடம் பேச்சுக் கொடுப்பதற்காக அவர் மிஷினை நிறுத்தவில்லை.)

மாமா: வா அம்முணி. படிப்பு முடிஞ்சுதா, இல்லை இன்னும் முடிஞ்சுட்டே இருக்குதா?

அம்முணி: வைவா முடிஞ்சுதுங்க மாமா. டைட்டானியம் நைட்ரைடு மெல்லேட்டுப் பூச்சின் தேய்மானப் பண்புகள்.

மாமா: தங்கக் கலர்ல டூல் மேல பூசியிருப்பானே, அதா? இங்க பாரு, இந்த இன்சர்ட்டு. எத்தனை பீசுக்குத் தாங்கும்?

அம்முணி: பீஸ் கணக்கு தெரியாதுங்க. நானோமீட்டர்ல கேளுங்க.

மாமா: ஏன் தேயுதுன்னாவது தெரிஞ்சுதா?

அம்முணி: "மேலும் ஆய்வு தேவை"ன்னு முடிச்சிருக்கறனுங்க.

மாமா: அடேங்கப்பா. அத்தனை வருசத்துல ஒரு நாளாச்சும் ஒரு பட்டறைக்குள்ள வந்து பாத்தியா கண்ணு?

அம்முணி: அது ஜர்னல்ல வராதுங்களே.

மாமா: செரி, வேலை?

அம்முணி: காலேஜ்தானுங்க. பல்கலைக்கழகத்துல உதவிப் பேராசிரியராகோணும்னா பிஎச்.டி. கட்டாயம்னு 2018ல யுஜிசி விதி போட்டுது. அதை நம்பிச் சேந்தேன். 2023 ஜூலைல நெட்டோ செட்டோ பாஸாயிருந்தாப் போதும், பிஎச்.டி. கட்டாயமில்லைன்னுட்டாங்க.

மாமா: டிராயிங்கைப் பாதி வேலைல மாத்துனா நான் ரேட்டு ஏத்திக் கேப்பேன். நீங்க கேக்கலியா?

அம்முணி: கேக்கறதுக்கு கைடு கையெழுத்து வேணுமுங்க.

மாமா: வேற கவர்மென்ட்டு வேலை?

அம்முணி: 2019ல நம்ம கோயமுத்தூர் கார்ப்பரேசன்ல 549 துப்புரவுப் பணியிடத்துக்குச் சுமார் 7,000 பேரு வந்தாங்க. அதுல இஞ்சினியருங்களும் இருந்தாங்க.

மாமா: காலேஜைத் தவிர வேற எதுக்கு ஆகும்னு உங்க பல்கலைக்கழகம் சொல்லலியா?

அம்முணி: அதுக்குன்னே ஒரு நாள் கருத்தரங்கு நடந்துதுங்க. டீ, பிஸ்கட், சர்டிபிகேட். பேசுனவரு ரிடையர்டு புரொபசர். காலேஜை விட்டு வெளிய வேலை பாத்ததில்லை.

மாமா: நம்மூரு வித்யாலயத்துல வாத்தியாரா இருந்தாரே தூரன், கணக்குப் படிச்சவரு. அப்பறம் தமிழ்க் கலைக்களஞ்சியத்துக்கே முதன்மை ஆசிரியர். பத்துத் தொகுதி. கீர்த்தனையும் எழுதுனாரு, 1968ல பத்மபூசணும் வாங்குனாரு. அவரு எந்த கைடுகிட்டப் பதிவு பண்ணுனாரு?

அம்முணி: இன்னைக்கு இன்டர்வியூவுக்கு வந்தா, கணக்கு பட்டத்தை வெச்சுட்டுத் தமிழ் வேலையான்னு வாசல்லயே திருப்பி அனுப்பிருவாங்க மாமா.

மாமா: அதைய உடு. உனக்கு என்னென்ன வரும்? வெக்கப்படாமச் சொல்லு.

அம்முணி: ஓடாத மிஷினை ஓட வெப்பேன். பேப்பரைத் திருப்பி அனுப்புன ரிவ்யூவருக்கு, திட்டறது தெரியாம நாலு பக்கம் நன்றி எழுதுவேன். கைடு ரூமுக்கு வெளிய மூணு மணி நேரம் மூஞ்சி சுளிக்காம நிப்பேன்.

மாமா: அட, இதைய மொதல்லயே சொல்லக் கூடாதா! கஸ்டமர் ரிஜெக்சன் மெயிலுக்குப் பதில் எழுத ஆளில்லை. பில்லு பாஸாகற வரைக்கும் கம்பெனி வாசல்ல நிக்கவும் ஆளில்லை. இன்சர்ட்டு ஏன் சீக்கிரம் தேயுதுன்னு நோட்டுப் போட்டு எழுதவும் ஆளில்லை. நாளைக்கு எட்டரைக்கு வந்துரு.

அம்முணி: சம்பளமுங்க?

மாமா: கவர்மென்ட்டு காலேஜ்ல கௌரவ விரிவுரையாளருக்கு என்ன தர்றாங்க?

அம்முணி: மாசம் 25,000 ரூபாய். ஆனா 50,000 வரைக்கும் தரலாம்னு யுஜிசி 2019லயே சொல்லியிருக்குதுங்க.

மாமா: நானும் 25,000. கவர்மென்ட்டே அதுதான் மதிப்புன்னு வெச்சிருக்கறப்ப, நான் எச்சாக் குடுத்தாத் தப்பாயிரும்.

அம்முணி: மாமா!

மாமா: கோவிச்சுக்காத கண்ணு. அவிய வருசத்துக்குப் பதினோரு மாசந்தான் தர்றாங்க. மாமன் மே மாசமும் தருவேன்.