111 மொழியில் கல்லா

இணையத்தில் ஆங்கிலத்தின் ஆட்டம் முடிந்துவிட்டதாம். இனி அவரவர் தாய்மொழியில் கொஞ்சலாம், அவரவர் தாய்மொழியில் கொலை மிரட்டலும் விடலாம். இந்தப் புண்ணியத்தில் பெரிய பங்கு ஃபேஸ்புக்குக்கு. 2019-ல் ராய்ட்டர்ஸ் எண்ணிப் பார்த்தபோது அதன் மெனுவும் பொத்தான்களும் 111 மொழிகளில் இருந்தன. எதையெல்லாம் எழுதக் கூடாது என்ற விதிமுறை மட்டும் 41 மொழிகளில். மிச்சமிருந்த 70 மொழிக்காரர்களும் பிறவியிலேயே சான்றோர் என்று முடிவு கட்டிவிட்டார்கள் போலும்.

மியான்மரில் அப்போது பலருக்கு ஃபேஸ்புக்தான் இன்டர்நெட்டே. அங்கே கொட்டிய வெறுப்புப் பதிவுகளைப் படித்துப் பார்க்க, 2015 தொடக்கத்தில் கம்பெனியிடம் இருந்த பர்மிய மொழி தெரிந்த ஆட்கள் இரண்டே பேர். கல்யாணப் பந்தியில் அப்பளம் போடக்கூட நாம் அதைவிட அதிகம் ஆள் வைப்போம். முஸ்லிம்களை இழிசொல்லால் குறிப்பிட்டு, கண்ட இடத்தில் கொல்லுங்கள், ஒருவரும் மிஞ்சக் கூடாது என்று ஒருவர் பர்மிய மொழியில் எழுதினார். மியான்மரில் தனக்கு வானவில் இருக்கக் கூடாது என்பதுபோல அதை ஆங்கிலத்தில் பெயர்த்தது ஃபேஸ்புக் இயந்திரம். வானவில்! 2017-ல் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்யா முஸ்லிம்கள் உயிர் தப்ப பங்களாதேஷுக்கு ஓடினார்களே, மழைக்கு ஒதுங்கினார்கள் என்று நினைத்திருக்கும்.

2020 ஜனவரியில் அதே இயந்திரம் சீன அதிபர் ஷி ஜின்பிங்கின் பெயரை மலக்குழி ஆக்கியது. பதறியடித்துக்கொண்டு உடனே மன்னிப்புக் கேட்டார்கள். பெரிய மனிதர் அல்லவா.

இலங்கையில் கண்டிப் பக்கம் திகனவில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தது 2018 மார்ச்சில். முஸ்லிம்களைக் கொல்லுங்கள், ஒரு பிள்ளையைக்கூட விடாதீர்கள் என்ற சிங்களப் பதிவின் மீது புகார் கொடுத்தவருக்கு வந்த பதில், விதிமீறல் எதுவும் இல்லை என்பது. அரசு ஃபேஸ்புக்கையே முடக்கியதும்தான் கம்பெனிக்குக் காது கேட்டது. மன்னிப்பு வந்தது 2020 மே மாதம். கடைக்காரர்கள் அதைச் சட்டம் போட்டு எந்தச் சுவரில் மாட்டினார்களோ, அந்தச் சுவர் மிஞ்சியிருந்தால்.

எந்த மொழியையும் கைவிட மாட்டோம் என்ற சூளுரையையே பெயராக வைத்து, 200 மொழிகளைப் பெயர்க்கும் இயந்திரத்தை 2022-ல் வெளியிட்டார்கள். தமிழும் அதில் உண்டு. கைதட்டியாயிற்று. ஆனால் கண்காணிக்க ஆள் வைப்பது வேறு கதை. ஐரோப்பாவில் சட்டம் கழுத்தைப் பிடிப்பதால், ஐந்து லட்சம் பேர் பேசும் மால்டிய மொழிக்குக்கூடக் கண்காணிப்பாளர் எத்தனை பேர் என்று கணக்குக் காட்ட வேண்டும். பர்மியத்துக்கோ சிங்களத்துக்கோ தமிழுக்கோ அப்படி யாரும் கழுத்தைப் பிடிக்கவில்லை. விளம்பரம் மட்டும் நல்ல தமிழில் தவறாமல் வந்துகொண்டிருக்கிறது.