‘தனியாவா வந்திய?’: மேலநீலிதநல்லூர் சாலைகளில் ஒற்றையாள் படப்பயணம் குறித்த ஒரு கள ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

ஒருவர் பைக்கில் ஏறி, கேமராவைத் தோளில் மாட்டி, வீட்டில் ‘இந்தா வந்திருதேன்’ என்று மட்டும் சொல்லிவிட்டு, துணைக்கு யாரையும் கூட்டாமல் வெளிச்சம் இழுத்த பக்கம் போய்ப் படம் எடுத்துத் திரும்புவதை ‘ஒற்றையாள் படப்பயணம்’ என்று இக்கட்டுரை வரையறுக்கிறது. இதில் ‘படம்’, ‘பயணம்’ என்ற இரண்டு சொற்களும் சிக்கல் தராதவை. ‘ஒற்றையாள்’ என்ற சொல்தான் கைக்குள் நிற்க மறுக்கிறது.

இக்கட்டுரையின் கருதுகோள் இது: மேலநீலிதநல்லூரை நடுவில் வைத்துச் சுற்றும் எந்தப் பயணமும் ஒற்றையாள் பயணமாகத் தொடங்கலாம், அப்படியே முடிந்ததாகச் சான்று இல்லை.

2. ஆய்வுக்களம்

மேலநீலிதநல்லூர், சங்கரன்கோவிலுக்குத் தெற்கே ஓர் ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம். பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் பெயரில் ஒரு கல்லூரி இருப்பதால், பஸ் வரும் நேரம் ஊர் இளைஞர்களாலும் மற்ற நேரம் ஆடுகளாலும் நிறைந்திருக்கும். 2019 நவம்பர் 22 அன்று தென்காசி மாவட்டம் பிறந்தபோது ஊர் இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு மாவட்டம் மாறியது. டீக்கடைப் பெஞ்சில் மட்டும் அது இன்னும் திருநெல்வேலி ஜில்லாதான்.

மண், கரிசலும் செவலும் மாறி மாறி வரும். கோடையில் கரிசல் கால்விரல் போகும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். படத்துக்கு அருமையான பொருள். மழை பெய்தால் அதே மண் செருப்பை வாங்கி வைத்துக்கொண்டு ஆளை மட்டும் அனுப்பும். மேற்கே தொடர்ச்சி மலை நீலக் கோடாக நிற்கிறது. தென்மேற்குப் பருவத்தில் மேகம் அங்கே இறங்கிக் குற்றாலத்தை நனைக்கும். செங்கோட்டைக் கணவாய் வழியாக இந்தப் பக்கம் வருவது பெரும்பாலும் காற்றுதான். மழையைக் குற்றாலத்துக்காரர்கள் வைத்துக்கொண்டு காற்றை நமக்கு அனுப்புகிறார்கள் என்று ஒரு பெரியவர் கணக்கு முடித்தார். அந்தக் காற்றை நம்பித்தான் வட்டாரமெங்கும் காற்றாலைகள் நிற்கின்றன. ஊர்ப் பேச்சில் அவற்றின் பெயர் ‘காத்தாடி’. ஆடிக்காற்றில் அம்மியே நகரும் என்னும்போது, ஒன்றரைக் கிலோ முக்காலியை நம்பி மெதுவான ஷட்டரில் படம் எடுக்கப் போனவரின் நிலையைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

3. முன்னோடிகள்

இத்துறையில் தனியாகப் போனவர் என்று யாரைப் பிடித்தாலும் பின்னால் ஒரு கூட்டம் வருகிறது.

கேமரா பிறப்பதற்கு முன்பே, 1792-ஐ ஒட்டி, தாமஸ் டேனியல் என்ற ஆங்கில ஓவியர் நம் சீமைக்கு வந்து பாபநாசம் அருவியையும் குற்றாலத்தையும் வரைந்தார். உடன் சகோதரர் மகன் வில்லியம். அவர்களோடு பல்லக்குகள், பல்லக்குத் தூக்கிகள், மூட்டை சுமப்போர். அருவி ஓவியத்தில் ஆள் குறைவாகத் தெரிவதற்குக் காரணம், ஆட்கள் எல்லாம் ஓவியருக்குப் பின்னால் நின்றதுதான் என்பது இவ்வாய்வாளரின் துணிபு.

அடுத்தவர் கேப்டன் லின்னேயஸ் டிரைப், சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர். 1857 டிசம்பரில் கிளம்பி, ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று 1858-இல் சுற்றினார். மெழுகு பூசிய காகித நெகட்டிவ்களும் மருந்துகளும் மாட்டுவண்டிகளில் வந்தன. தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளக் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒட்டி ஏறக்குறைய 19 அடி நீளத்தில் விரித்துக் காட்டினார். இன்று செல்போனை இடமிருந்து வலமாக ஓட்டி ‘பனோரமா’ எடுப்பவர் ஒவ்வொருவரும் அந்த மாட்டுவண்டியின் பேரன்தான். டிரைப் மதுரைக்குத் தெற்கே வராமல் போனதால், ‘எதுக்குப் போட்டா புடிக்கிய?’ என்ற கேள்வியிலிருந்து தப்பினார்.

மூன்றாமவர் நம்மவர், கோட்டையூர் ஏ.கே. செட்டியார். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக்கலை படித்தவர். 1937 அக்டோபர் 2 அன்று நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குப் போகும் கப்பலில், காந்தியைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்க வேண்டுமென்று அவருக்குத் தோன்றியது. தோன்றும்போது தனி ஆள். 1940-இல் படம் வெளிவரும்போது, உலகெங்கும் சுமார் நூறு ஒளிப்பதிவாளர்கள் எடுத்திருந்த 50,000 அடிச் சுருளைத் தேடித் திரட்டியிருந்தார். நினைப்பவர் ஒருவராக இருக்கலாம்; படத்துக்கு ஆள் கூடிவிடும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று கிடையாது.

4. கருவிகள்

பைக் ஒன்று. கேமரா ஒன்று. லென்ஸ் இரண்டு, கரிசல் தூசியில் மாற்றப் பயந்ததால் நடைமுறையில் ஒன்று. வரைபடம் காட்டும் செல்போன் ஒன்று. வழி கேட்டவுடன் யாரும் அதை மதிக்காததால் நடைமுறையில் சுழியம்.

இவ்விடத்தில் ஒரு மொழியியல் குறிப்பு. இந்தப் பக்கத்தில் இடது, வலது என்ற சொற்கள் வழி சொல்லப் பயன்படுவதில்லை. ‘தெக்காமப் போயி, ஓட தாண்டி, கெழக்காமத் திரும்புங்க’ என்பதுதான் முறை. ஊர்ப்பெயரிலுள்ள ‘மேல’ கூட உயரத்தைக் காட்டாது, மேற்கைக் காட்டும். இரண்டு ஊர் தாண்டுவதற்குள் ஆய்வாளருக்கு ஒன்று புலப்பட்டது. படம் எடுப்பவன் முதலில் அறிய வேண்டியது சூரியன் எந்தப் பக்கம் என்பது. அதற்காக ஆயிரக்கணக்கில் செலவழித்து வகுப்புக்குப் போகிறோம். இங்கே ஆறு வயதுப் பிள்ளை, ‘எங்க தாத்தா தெக்குப் பக்கத்துத் திண்ணையில இருக்காக’ என்று வெளிச்சக் கணக்கோடு பேசுகிறது.

ஊர் ஏறக்குறைய 9 பாகை வடக்கில் இருப்பதால், சித்திரை பிறக்கும் நாளை ஒட்டியும், ஆகஸ்ட் கடைசியிலும் உச்சிவெயில் நேரே தலைக்கு மேல் நிற்கும். நிழல் காலுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். அந்த நேரத்தில் எடுக்கும் முகங்களில் கண்ணுக்குப் பதில் இரண்டு குழிகள்தான் விழும். ஊர்க்காரர்கள் அந்த நேரம் வேப்பமரத்தடியில் படுத்திருப்பதைச் சோம்பல் என்று எழுதுவோர், ஒளியியல் படிக்காதவர்கள்.

5. ஐந்து வினாக்கள்

ஒரு பனையும், அதன் பின்னால் ஒரு காத்தாடியும், சுற்றிலும் ஆளற்ற கரிசலும் சேர்ந்த படம் ஒன்று எடுப்பது ஆய்வாளரின் நோக்கம். அதற்காகச் சாலை பிரியும் ஒரு விலக்கில் வண்டியை நிறுத்தினார். கேமராவின் மூடியைக் கழற்றுவதற்குள் ஆடு வந்தது. ஆட்டின் பின்னால் ஆள் வந்தார். அவர் நிற்பதைப் பார்த்து மொபெட்டில் போனவர் நின்றார். அவர் நின்றதைப் பார்த்து மூன்றாமவர், ஏதும் விபத்தோ என்று வந்தார். ஆளற்ற நிலத்தில் ஆள் சேரும் முறை இதுதான்.

வந்தவர்கள் கேட்ட கேள்விகளைத் தொகுத்தால் ஐந்து வகைப்படும்.

அ) ஊர் வினா: ‘எந்தூரு?’ சென்னை என்று சொன்னால் அடுத்த கேள்வி, ‘அது சரி, சொந்த ஊரு?’

ஆ) உறவு வினா: ‘இங்க யாரு வீட்டுக்கு வந்திய?’ யார் வீட்டுக்கும் வராமல் ஓர் ஊருக்கு வரலாம் என்ற கருத்து இங்கே நடைமுறையில் இல்லை. பதில் இல்லாவிட்டால் அவர்களே ஒரு வீட்டைத் தேடித் தருகிறார்கள்.

இ) தொழில் வினா: ‘நெலம் பாக்க வந்தியளா? காத்தாடிக் கம்பெனியா? ரோடு அகலப்படுத்தப் போறாகளா?’ இதைச் சிரித்துத் தள்ளுவது ஆய்வு நேர்மையாகாது. தரிசு நிலத்தை இத்தனை கோணத்தில் படம் எடுத்துப் போனவர்கள் வந்த சில மாதத்தில் அளவுக்கல் வந்ததை ஊர் பார்த்திருக்கிறது. விளையாத நிலத்தை ஒருவன் அழகென்று சொன்னால், அதற்கு விலை வைக்கிறான் என்றுதான் விவசாயிக்குப் பொருள்.

ஈ) எண் வினா: ‘தனியாவா வந்திய?’ இதைக் கேட்கும்போது குரல் தாழ்கிறது. வீட்டில் ஏதும் மனஸ்தாபமா என்ற துணைவினா சொல்லாமலே அதில் அடங்கியிருக்கிறது.

உ) உணவு வினா: ‘சாப்டியளா?’ இது வினாவின் உருவில் வரும் முடிவு. ‘ஆச்சு’ என்றாலும் டீ வரும்.

இவற்றுக்கெல்லாம் ஆய்வாளர் முதலில் சொன்ன விடை, ‘சும்மாதான்.’ இது பெரும்பிழை. சும்மா இருத்தல் ஞானிகளுக்கு உயர்ந்த நிலை. மேலநீலிதநல்லூர் விலக்கில் அது சந்தேக கேஸ். சும்மா ஒருவன் பெட்ரோல் போட்டுக்கொண்டு வருவானா என்ற தருக்கத்துக்கு எதிர்த்தருக்கம் கிடையாது. பிற்பாடு ‘வெளிச்சம் நல்லா இருந்துச்சு’ என்று சொல்லிப் பார்த்தார். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, ‘சாப்டியளா?’ என்றார்கள். அந்த இடத்தில் உணவு வினா மருத்துவ வினாவாக மாறியிருந்தது.

6. பக்கத்துச் சான்றுகள்

காத்திருப்பின் இலக்கணத்துக்கு ஆய்வாளர் சங்கரன்கோவிலுக்குப் போனார். சிவனும் திருமாலும் ஒரே உருவில், ஆளுக்குப் பாதியாக நிற்கும் தலம். அந்தக் காட்சியைக் காணத்தான் கோமதியம்மன் தவம் இருந்தாள். ஆடித்தபசு அதற்கான விழா. படக்காரர் மொழியில் சொன்னால், ஒரு காட்சிக்காக ஒற்றைக் காலில் நின்றவள் அவள். அரைமணி நேரம் மேகம் விலகக் காத்துவிட்டு ‘இன்னைக்கு லைட் சரியில்ல’ என்று திரும்புகிறவர்கள் அங்கே ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போகலாம். புற்றுமண்ணை நெற்றியில் இட்ட பிறகு எரிச்சலும் குறைகிறது.

கிழக்கே கழுகுமலையில் வெட்டுவான் கோயில். ஏறக்குறைய எட்டாம் நூற்றாண்டில், பாண்டியர் காலத்தில், ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்துகொண்டே வந்து பாதியில் விட்டிருக்கிறார்கள். பாதியில் நின்றதைப் பார்க்கத்தான் கூட்டம் வருகிறது. இவ்வாய்வும் நிறைவுறாமல் போகுமானால் அந்த மரபில் வைத்து மன்னிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.

மேற்கே சுந்தரபாண்டியபுரம். 1992-இல் வந்த ‘ரோஜா’ படத்தின் நாயகிக்கு ஊர். ஆடி வாக்கில் அந்தப் பக்கத்துச் சூரியகாந்தித் தோட்டங்களுக்குக் கேரளத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். அங்கே தனியாகப் போய்ப் பூவை மட்டும் எடுக்க முயன்ற ஆய்வாளர், முடிவில் நான்கு குடும்பங்களுக்கு அவரவர் செல்போனில் படம் எடுத்துக் கொடுத்துத் திரும்பினார். கையில் பெரிய கேமரா உள்ளவன் பொதுச்சொத்து என்பது மொழி எல்லை தாண்டிய விதி.

7. எதிர்வாதமும் விடையும்

‘ஆள் வருமுன் விடியற்காலையில் போகலாமே’ என்பர். போனார். விடியலில் வயலில் ஆட்டுக்கிடை மறித்திருந்தார்கள். இரவெல்லாம் ஆடுகளை ஒரே வயலில் அடைத்து, அவற்றின் புழுக்கையையும் மூத்திரத்தையும் மண்ணுக்கு உரமாக்கும் பழைய முறை. எழும்பும் புழுதியில் வெயில் சாய்ந்து விழ, ஆய்வாளர் வாழ்நாளில் எடுத்த ஆகச் சிறந்த படம் அங்கே கிடைத்தது. அதற்குள் கிடைக்காரர் கருப்பட்டிக் காப்பியை நீட்டிக்கொண்டு, ‘தனியாவா வந்திய?’ என்றார்.

8. கண்டறிந்தவை

வீட்டுக்கு வந்து மெமரி கார்டைத் திறந்தபோது, காலி நிலம் என்று எடுத்தவை எல்லாம் ஒரே படம் போலிருந்தன. ஒரு பனை, ஒரு காத்தாடி, ஒரு மேகம். எந்த ஊர் என்று எடுத்தவருக்கே தெரியவில்லை. இடையில் புகுந்து படத்தைக் கெடுத்தவர்கள் இருந்த படங்களில் மட்டும் ஊர் தெரிந்தது, நேரம் தெரிந்தது, என்ன பேசினோம் என்பதும் நினைவுக்கு வந்தது.

அவற்றில் ஒன்று திண்ணையில் இருந்த ஒரு பாட்டியுடையது. ‘என்னைய ஒண்ணு புடி. நாளைக்கு மாட்டி வைக்கிறதுக்கு ஆகும்லா’ என்றார். கொண்டையைத் தட்டிக்கொண்டு, ‘மேக்க பாத்து உக்காரவா? மூஞ்சி தெளிவா இருக்கும்’ என்று அவரே வெளிச்சத்தையும் தீர்மானித்தார். எடுத்து முடித்ததும் கேட்டார்: ‘எப்பக் கொண்டு வருவ?’

‘அனுப்பி வைக்கிறேன் பாட்டி’ என்பது படக்காரர்கள் ஊர் ஊராகச் சொல்லிவரும் பொய். ஆனால் கேள்வியில் ‘கொண்டு’ என்று இருந்தது. அந்த ஒரு சொல்லால் ஒற்றையாள் பயணம் என்ற வரையறை முற்றிலும் சரிந்தது.

9. ஆய்வின் குறைபாடு

இரண்டாம் களப்பணி இரண்டு மாதம் கழித்து, ஏழு பிரிண்ட்டுகளுடன் நடந்தது. தரவுகள் பயனற்றுப்போயின. விலக்கில் வண்டி நின்றதும் யாரும் ஊர் கேட்கவில்லை. நிலம் பற்றியும் கேட்கவில்லை. ‘அன்னைக்கு வந்த போட்டாக்காரருலா’ என்று டீ வந்தது. கிடைக்காரரின் படத்தில் ஆடுகள்தான் அழகாக விழுந்திருக்கின்றன என்று பொதுமக்கள் தீர்ப்பளித்தார்கள். பாட்டி தன் படத்தை நெடுநேரம் தூரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, ‘இது மாட்டுறதுக்கு வேணாம். இன்னும் கொஞ்ச நாள் இருக்கேன். நல்லதா ஒண்ணு புடி’ என்று திருப்பிக் கொடுத்தார்.

ஆகவே மூன்றாம் களப்பணி தவிர்க்க முடியாததாகிறது. அதற்குத் தனியாகத்தான் போவதாக உத்தேசம்.