ரெண்டு கடிகாரம் வெச்சுக்கோ, தம்பி!

உங்க கவுண்டியிலயும் நேரத்தை மாத்தணும்னு கூட்டம் போடுறாங்களாமே? உக்காருப்பா. இந்தியானாவுல இந்த வித்தையில பழம் தின்னு கொட்டை போட்டவங்க எங்க புலாஸ்கி கவுண்டிக்காரங்கதான்.

முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கோ. சூரியனுக்கு இதுல ஓட்டு கிடையாது. வாஷிங்டன்ல இருக்கிற போக்குவரத்துத் துறைதான் தீர்ப்புச் சொல்லும், அதுவும் வியாபாரத்துக்கு எது வசதின்னு பார்த்து. டிவி எந்த ஊர்லேருந்து தெரியுது, பேப்பர் எங்கேருந்து வருது, வேலைக்கு எங்க போறீங்கன்னெல்லாம் துருவித் துருவிக் கேப்பாங்க. பசு எத்தனை மணிக்கு மடி கனத்துக் கத்துதுன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க.

ரெண்டாவது, மனுப் போடுறதுக்கு முன்னாடி பக்கத்துக் கவுண்டிக்காரன் மனசைப் பாரு. கிழக்கு நேரம் எங்களுக்கு 'வேக நேரம்', சிகாகோ நேரம் 'மெது நேரம்'. வேக நேரத்துல இருந்த நாங்க மெது நேரம் கேட்டோம். 2006 ஏப்ரல்ல கிடைச்சுது. வடக்கே ஸ்டார்க் கூட வந்துச்சு. கிழக்கே ஃபுல்டன் அசையவே இல்லை. நாலு மணிக்குக் கிளம்பி அங்க பாங்குக்குப் போனா, கதவுல பூட்டுத் தொங்கும்.

வேடிக்கை கேளு. மாறின அந்த ராத்திரி எங்க கடிகாரத்தை யாரும் தொடவே இல்லை! கோடை நேரத்துக்காக மாநிலமே ஒரு மணி முன்னால போச்சு, நாங்க ஒரு மணி பின்னால போனோம், கணக்கு நேராயிடுச்சு. கடிகாரம் நகராம இருக்கவா இத்தனை கூட்டம்?

அப்புறம் "பழைய நேரத்தையே கொடுங்கய்யா"ன்னு நின்னோம். கொடுத்தாங்க. 2007 மார்ச் 11 ஞாயித்துக்கிழமை, பழைய நேரத்துக்கு ஒண்ணு, கோடை நேரத்துக்கு ஒண்ணுன்னு விடியறதுக்குள்ள ரெண்டு மணி நேரம் மொத்தமாப் பறிபோச்சு. சர்ச்சுக்கு லேட்டா வந்தவனுக்கெல்லாம் அன்னிக்கு நல்ல சாக்கு.

ஆனா சண்டையில லாபமே இல்லைன்னு சொல்லிடாதே. கம்ப்யூட்டருக்குள்ள உலக நேரப் பட்டியல் ஒண்ணு இருக்காம். அதுல எங்க ஊர் வினமாக் பேர் தனியா இருக்கு. சோளம் விளைச்சு வராத புகழ், அடிச்சுக்கிட்டதுல வந்துச்சு.

அதனால நீயும் தாராளமா மனுப் போடு. எது கிடைச்சாலும் வீட்டுல ரெண்டு கடிகாரம் மாட்டிக்கோ. கடன் கொடுத்தவன் வந்தா மெது நேரத்தைக் காட்டு. கொடுத்த கடனை வாங்கப் போறப்ப வேக நேரம் பார்த்துப் போ. இந்த வசதியை மட்டும் மனுவுல எழுதித் தொலைச்சுடாதே.